பேனர் லோகோ அனிமேஷன்: செய்யக் கூடாத தவறுகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் குறும்படம், சிறு பட்ஜெட் படம் எடுப்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஷூட்டிங் தொடங்கும் முன்பே பேனருக்கு, அதாவது தயாரிப்பு நிறுவனத்துக்கு, பெயர் வைத்துவிட்டு, படத்துக்கு முன்னால் ஓட ஒரு லோகோ அனிமேஷன் கேட்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பேச்சு எப்போதும் "அண்ணே, மாஸா இருக்கணும்" என்றுதான் ஆரம்பிக்கிறது. தவறும் அங்கேயே ஆரம்பிக்கிறது. அசைவு கடைசியில் வர வேண்டிய வேலை. அசையாமல் நிற்கும்போதே மனதில் பதிகிற ஒரு உருவமும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இன்னார் என்று தெரிகிற ஒரு ஒலியும் முதலில் வேண்டும்.

ஜெமினி ஸ்டுடியோ என்றதும் ஊதுகொம்பு ஊதும் இரட்டைக் குழந்தைகள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அனிமேஷன் நிறுவனமான பிக்ஸாரின் மேசை விளக்கு 1986இல் வந்த ஒரு குறும்படத்தில் பிறந்தது. அது துள்ளி வந்து ஒரு எழுத்தை மிதித்து அமுக்கிவிட்டு, அந்த இடத்தில் தானே நின்றுகொள்ளும். இரண்டிலும் நடப்பது ஒரே ஒரு செயல். நம் ஆட்களோ தீப்பொறி, நொறுங்கும் கண்ணாடி, தங்க எழுத்து, லென்ஸ் ஃப்ளேர் (லென்ஸில் வெளிச்சம் பட்டுச் சிதறும் ஒளி) எல்லாவற்றையும் ஒரே லோகோவில் கேட்கிறார்கள். முடிந்ததும் எதுவும் நினைவில் நிற்பதில்லை.

ரெடிமேட் டெம்ப்ளேட்டில் பெயரை மட்டும் மாற்றுவது அடுத்த தவறு. அதே டெம்ப்ளேட்டை இன்னொருவரும் வாங்கியிருப்பார். போதாக்குறைக்கு, நம் ஊர் கலங்கரை விளக்கத்தை வைத்து, பின்னால் சூரியன் கடலில் இறங்குவது போலக் காட்டுகிறார்கள். இது கிழக்குக் கரை, இங்கே சூரியன் கடலிலிருந்து எழும். ஊரின் அடையாளத்தை வைப்பதென்றால் ஊர்க்காரன் கண்ணோடு வைக்க வேண்டும்.

தமிழ் எழுத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். பேனர் பெயர் 'தென்பெண்ணை' என்று வைத்துக்கொள்வோம். நமக்கு இது தெ, ன், பெ, ண், ணை என்று ஐந்து எழுத்து. கணினிக்குள் த, ப, ண ஆகியவை தனி, ஒற்றைக் கொம்பு தனி, புள்ளி தனி. எழுத்தெழுத்தாகப் பறந்து வரும் எஃபெக்டைப் போட்டால் பல சமயம் கொம்பு ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம் என்று சிதறி வரும். அனிமேஷன் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இந்திய மொழிகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினைத் தேர்ந்தெடுக்காவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அப்புறம், ஆங்கில டைட்டில்களைப் பார்த்து எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைத் தாராளமாக விடுகிறார்கள். அப்படி விட்டால் 'பெ'யின் கொம்பு முன்னால் உள்ள 'ன்'னுக்கும் பின்னால் உள்ள 'ப'வுக்கும் நடுவில் அநாதையாக நிற்கும். எழுத்தை ஷேப்பாக, அதாவது வெறும் வடிவமாக, மாற்றி, ஐந்து எழுத்தையும் ஐந்து துண்டாகக் கையாலேயே குரூப் செய்து, அதன் பிறகு அசையுங்கள். அரை மணி நேர வேலை, தவிர்க்க எந்தக் காரணமும் இல்லை.

அளவு விஷயத்துக்கு வருவோம். லேப்டாப்பில் 1920×1080 பிக்சலில் செய்துவிடுகிறார்கள். படம் ஸ்கோப்பில், அதாவது அகலத் திரை வடிவில், இருந்தால் தியேட்டர் பிரதியின் அளவு 2048×858. அகலத்துக்குப் பொருத்தும்போது உங்கள் 1080 வரிசையில் சுமார் 276 வரிசை மேலும் கீழுமாக வெட்டுப்படும். பெயருக்கு அடியில் வைத்த 'வழங்கும்' அதோடு போய்விடும். 4096×2160இல் செய்து, முக்கியமானதையெல்லாம் நடுவில் உள்ள 1716 வரிசைக்குள் வைத்துக்கொண்டால் யூடியூப், ஸ்கோப் இரண்டுக்கும் சரியாக வரும். வேகம் நொடிக்கு 24 ஃப்ரேம். 30இல் செய்துவிட்டு 24க்கு மாற்றினால் ஐந்துக்கு ஒரு ஃப்ரேம் உதிர்ந்து, மெதுவாக நகரும் எழுத்து தத்தித் தத்திப் போகும்.

இருட்டு வானமும் சிக்கல்தான். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் உண்டு. கருநீலத்தில் 30 படி மட்டும் மாறுகிற ஒரு வானத்தை 2048 பிக்சல் அகலத்துக்கு விரித்தால், ஒவ்வொரு படியும் 68 பிக்சல் பட்டையாகத் தெரியும். செல்போனில் தெரியாதது பெரிய திரையில் வரி வரியாகத் தெரியும். ப்ராஜெக்டை 16 பிட்டில் வைத்து, கொஞ்சம் கிரெய்ன் (ஃபிலிமில் தெரிவது போன்ற பொடிப்புள்ளிகள்) தூவி, புரோரெஸ் 4444 என்ற தரமான வீடியோ வடிவில் எடுங்கள்.

நீளம் பத்து நொடி போதும் என்பேன். சென்சார் சான்றிதழ், புகையிலை எச்சரிக்கை, நன்றி கார்டுகள், விநியோகஸ்தர் லோகோ எல்லாம் தாண்டித்தான் உங்கள் முறை வரும். அதற்குள் ரசிகர் களைத்திருப்பார்.

ஒலியைக் கடைசி நாளில் இணையத்திலிருந்து இறக்கி ஒட்டாதீர்கள். உரிமை இல்லாத இசை என்றால் உங்கள் படத்துக்கே காப்பிரைட் கிளெய்ம் வரும். ஆல்ஃபிரட் நியூமன் 1933இல் அமைத்த முழக்கம் இன்றும், முன்பு ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் என்றிருந்த ட்வென்டியத் செஞ்சுரி ஸ்டுடியோஸ் லோகோவின் உயிராக இருக்கிறது. அந்தப் பெயரைப் படிக்காமலேயே கண்டுபிடிக்கலாம். அவ்வளவு பெரிய வாத்தியக் குழு நமக்கு வேண்டாம். ஒரு பம்பையோ நாகஸ்வரமோ வாசிப்பவரை அழைத்து, நான்கு நொடி புதிதாக வாசிக்கச் சொல்லி, உரிய சம்பளம் கொடுத்து 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள். சத்தத்தை உச்சத்தில் வைக்க வேண்டாம். அடுத்து வரும் உங்கள் முதல் காட்சியின் முதல் வசனம் அதனால் அடிபடும்.

எல்லாம் முடிந்ததும், காலைக் காட்சிக்கு முன் பத்து நிமிடம் கிடைக்குமா என்று பக்கத்துத் தியேட்டரில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் பிரதியைப் போட்டு, முன் வரிசையில் ஒரு முறையும் கடைசி வரிசையில் ஒரு முறையும் உட்கார்ந்து பாருங்கள். முன் வரிசையில் பட்டையும் தத்தலும் தெரியும். கடைசி வரிசையில் எழுத்து படிக்க வருகிறதா என்பது தெரியும்.