வழக்கமில்லாத தையல் வேலை வந்தால்: மிருதங்க உறையை வைத்து ஒரு செய்முறை

ரவிக்கை தைக்கவும் கால்சட்டை நீளம் குறைக்கவும் சிங்கப்பூரில் தேக்கா நிலையத்தின் மேல்மாடியில் தையல்காரர்கள் இருக்கிறார்கள். வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பவருக்கு வாட்ஸ்அப்பில் வருவது வேறு வகை. மிருதங்கத்துக்கு உறை, வீட்டுச் சாமி சிலைக்குப் பட்டுப் பாவாடை, பாட்டியின் நடைச்சட்டத்தில் தொங்கவிட ஒரு பை, பறவைக் கூண்டுக்கு மூடுதுணி, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாம் ஷெல்ட்டரின் (குண்டுவீச்சுப் பாதுகாப்பறை) இரும்புக் கதவை மறைக்கத் திரை. இவற்றுக்கு ஆயத்த அளவும் கிடையாது, பேசிவைத்த கூலியும் கிடையாது. தையல் என்னவோ நேர்த்தையல்தான். வேலை கெடுவது பெரும்பாலும் கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்பே, அளவிலும் கேட்காமல் விட்ட கேள்வியிலும்தான். அதனால் இங்கே அதற்குத்தான் அதிக இடம்.

ஒப்புக்கொள்வதற்கு முன்

படத்தைப் பார்த்து விலை சொல்லாதீர்கள். பொருள் உங்கள் கைக்கு வர வேண்டும். அதன் எடை என்ன, எதனால் நனையும் அல்லது அழுக்காகும், யார் எப்படித் திறந்து மூடுவார்கள் என்று கேளுங்கள். நடைச்சட்டப் பையில் கனம் கூடினால், பாட்டி கையை எடுத்ததும் சட்டம் முன்னால் சாயும்; அதனால் பையைச் சிறியதாகவே தையுங்கள். மூட்டுவலி உள்ள விரல்களுக்கு ஜிப்பின் சின்ன ரன்னர் பிடிபடாது, அகலமான வெல்க்ரோ மூடிதான் சரி. அதே வெல்க்ரோவைச் சாமி பாவாடையில் வைத்தால் பட்டு இழையைப் பிய்த்துவிடும். சிலையின் கை மடங்காது என்பதால் பின்பக்கம் முழுக்கத் திறந்து, நாடா வைத்துக் கட்டும்படி தைப்பதே வழி.

பாம் ஷெல்ட்டர் கதவு இரும்பு. திரையின் மேல் மடிப்பில் காந்தம் வைத்தால் போதும், ஆணி வேண்டாம். ஆனால் காந்தத்தை உள்ளே வைத்துவிட்டு மெஷினில் தைக்க முடியாது, ஊசித் தட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். பைகளை முதலில் தைத்துவிட்டு, காந்தத்தைக் கடைசியில் நுழைத்துக் கையால் மூடுங்கள்.

உயிர் காக்கும் எதையும் தொடாதீர்கள். குழந்தையின் கார் இருக்கைப் பட்டை, உயரத்தில் வேலை செய்பவரின் கட்டுப்பட்டை ஆகியவற்றின் தையலைப் பிரித்தாலே அவற்றின் நம்பகம் போய்விடும். தைப்பூசத்துக்கு முன் காவடியின் இடுப்புப் பட்டையைக் கொண்டு வந்தால், மெத்தைக்கு மேலுறை தைத்துத் தரலாம். பாரம் தாங்கும் பட்டையில் கை வைக்காதீர்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சிறு அளவில் தையல் வேலை செய்யத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் வாசலில் பெயர்ப்பலகை வைக்கக் கூடாது, அந்த வீட்டில் குடியிருக்காதவரை வேலைக்கு வைக்கக் கூடாது, அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது. மெஷினின் அடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள், கீழ்வீட்டுக்கு அதிர்வு குறையும். அடையாள அட்டையில் உள்ள உங்கள் முழுப் பெயரிலேயே தொழில் செய்தால் அக்ராவில் (தொழில்களைப் பதியும் அரசு அமைப்பு) பதிய வேண்டியதில்லை. வேறு பெயர் வைத்தால் பதிய வேண்டும். வருமானத்தை வரிக் கணக்கில் காட்ட வேண்டும். சார்ந்திருப்போர் அனுமதியில் (இங்கே வேலை செய்யும் வெளிநாட்டவரின் குடும்பத்தினருக்கானது) இருப்பவர்கள் காசு வாங்கும் முன் மனிதவள அமைச்சின் விதிகளைப் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

மிருதங்க உறை: அளவு

சுருதிக்கு ஏற்ப மிருதங்கத்தின் நீளம் மாறும். உயர்ந்த சுருதி வாத்தியம் 22 அங்குலம் அளவிலும் தாழ்ந்த சுருதி வாத்தியம் 24 அங்குலம் அளவிலும் இருக்கும். ஆகவே ஒருவருக்குப் போட்ட அளவு அடுத்தவருக்குப் பொருந்தாது. நீளத்தையும் நடு வயிற்றின் சுற்றளவையும் வாரோடு சேர்த்து எடுங்கள். எடுத்துக்காட்டாக நீளம் 58 செமீ, சுற்றளவு 86 செமீ என்று கொள்வோம்.

இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். வெளித்துணிக்கும் உள்ளே வரும் லைனிங்குக்கும் நடுவே 10 மிமீ ஃபோம் வைத்தால் வெளித்துணியின் சுற்றளவு ஒரு செமீ கூடினால் போதும் என்று தோன்றும். உண்மையில் தடிமனை 2 ஆலும் 3.14 ஆலும் பெருக்க வேண்டும்: 6.3 செமீ கூடும். இதை விட்டுவிட்டால் உறை வாத்தியத்தின் வயிற்றிலேயே நின்றுவிடும்.

லைனிங்: 86 உடன் தளர்வு 3 சேர்த்து 89 செமீ. வெளித்துணி: 89 உடன் 6.3 சேர்த்து, சற்றே கூட்டி 95.5 செமீ. நீளம்: 58 உடன் சற்றே கூட்டி லைனிங்குக்கு 60, வெளித்துணிக்கு 62 செமீ. எல்லா ஓரத்திலும் தையலுக்கு 1.5 செமீ விட்டால் வெட்டும் அளவு இப்படி வரும்:

வெளித்துணி 98.5 × 65 செமீ, 33.4 செமீ விட்டமுள்ள வட்டம் 2.
லைனிங் 92 × 63 செமீ, 31.3 செமீ விட்டமுள்ள வட்டம் 2.
ஃபோம் 92 × 60 செமீ. வட்டம் அடிக்கு 30, மூடிக்கு 28 செமீ.

முதலில் மலிவான காடாத் துணியில் வெளிக்குழாயை மட்டும் பெரிய தையலில் தைத்து, ஃபோமாக வரப்போகும் யோகா பாயைச் சுற்றி வாத்தியத்தின் மேல் போட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் ஆகும். அதைச் செய்யாமல் நல்ல துணியை வெட்டாதீர்கள்.

சாமான்

வெளியே 600 டெனியர் (இழையின் கன அளவு) பாலியெஸ்டர், 150 செமீ அகலத்தில் 1 மீட்டர். 70 செமீ போதும். மீதி பிழைக்கும் வெளிப்பைக்கும். உள்ளே மென்மையான பருத்தி 1 மீட்டர். முழுக்க பிளாஸ்டிக் லைனிங் போட்டால் சிங்கப்பூர் ஈரப்பதத்தில் உள்ளே வேர்த்து, தோல் தளர்ந்துவிடும். மிருதங்கத்தின் இடது முனையான தொப்பியில் பூசும் ரவை ஒட்டிக்கொள்ளும் என்பதால், அந்த முனைக்கு வரும் வட்டம் ஒன்றுக்கு மட்டும் துடைக்கக்கூடிய துணி வையுங்கள். ஃபோமுக்கு 61 × 183 செமீ, 10 மிமீ தடிமன் யோகா பாய் ஒன்று போதும், தண்ணீரை உறிஞ்சாது. சோபா ஸ்பாஞ்ச் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைக்கும். 10 ஆம் எண் ஜிப் 80 செமீ, ரன்னர் 2, 38 மிமீ நைலான் பட்டை 4.5 மீட்டர், டி-வளையம் 2. துணிக்குப் பீப்பள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் அல்லது அரபு ஸ்திரீட். பட்டைக்கும் பக்கிளுக்கும் பீச் ரோட்டு ராணுவச் சந்தையில் ஒரு சுற்று சுற்றுங்கள்.

ஊசி 100/16, பட்டை அடுக்காக வரும் இடத்துக்கு 110/18. நூல் பாலியெஸ்டர். தையல் நீளம் 3.5 மிமீ. குண்டூசி குத்தினால் பூச்சுத் துணியில் துளை நின்றுவிடும், கிளிப் போடுங்கள்.

தைக்கும் வரிசை

1. வெளித்துணியைத் தட்டையாக விரித்து, இரு முனையிலிருந்தும் 12 செமீ உள்ளே, துணியின் முழு அகலத்துக்கும் பட்டையைத் தையுங்கள். மிருதங்கம் 10 கிலோவை ஒட்டியும் இருக்கும். பட்டை உடலை முழுக்கச் சுற்றினால்தான் எடை துணியில் விழாது. 55 செமீ கைப்பிடியை இரண்டு பட்டைகளுக்கும் குறுக்கே வைத்து, முனைகளில் சதுரமும் உள்ளே பெருக்கல் குறியுமாகத் தையுங்கள். டி-வளையங்களையும் அப்படியே. 1.4 மீட்டர் தோள்பட்டை பிறகு அவற்றில் மாட்டப்படும்.

2. துணியைக் குழாயாக மடித்துப் பக்கத் தையல் போடுங்கள். பட்டை முனைகள் சந்திக்கும் இடத்தில் மிதியை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் திருப்புங்கள். பாதம் மேட்டில் ஏறிச் சாய்ந்தால் தையல் தவறும். பாதத்தின் பின்னால் மடித்த துணித்துண்டு வைத்துச் சமப்படுத்துங்கள்.

3. குழாயின் அடி விளிம்பில் 1.3 செமீயில் ஒரு வரி தைத்துவிட்டு, 2 செமீக்கு ஒன்றாக 1 செமீ ஆழத்துக்கு வெட்டு விடுங்கள். வட்டத்தையும் குழாயையும் நான்காக மடித்துக் குறியிட்டு, குறிக்குக் குறி கிளிப் போடுங்கள். வெட்டு விட்ட குழாய் மேலேயும் வட்டம் கீழேயும் இருக்கட்டும். இரண்டு வரி தையுங்கள்.

4. ஜிப்பில் இரண்டு ரன்னரையும் இப்போதே ஏற்றுங்கள். வளையமாக்கிய பிறகு ஏற்ற முடியாது. 75 செமீ ஜிப்பையும், ஜிப் நாடாவின் அகலத்தில் இரட்டையாக மடித்துத் தைத்த 26.5 செமீ துணிப்பட்டியையும் முனைக்கு முனை சேர்த்தால் 95.5 செமீ வளையம் வரும். இதன் ஒரு பக்கம் குழாயின் மேல்விளிம்பு, மறுபக்கம் மூடி வட்டம். துணியில் 1.5 செமீ விட்டிருந்தாலும் ஜிப் நாடாவில் 1 செமீக்கு மேல் உள்ளே போகாதீர்கள். பற்களை ஒட்டித் தைத்தால் ரன்னர் துணியைக் கடிக்கும்.

5. ஃபோமை மெஷினில் தைக்க வேண்டாம், வீட்டு மெஷினின் பாதம் அவ்வளவு உயராது. லைனிங் குழாயையும் அடி வட்டத்தையும் தனியாகத் தைத்துவிட்டு, வெளியுறைக்குள் முதலில் 30 செமீ ஃபோம் வட்டம், அதன்மேல் சுற்றுஃபோம் என்று வையுங்கள். சுற்றின் முனைகள் ஒன்றோடொன்று முட்டி நிற்கட்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. பிறகு லைனிங்கை இறக்கி, மேல்விளிம்பை உள்ளே மடித்து ஜிப் நாடாவில் கையால் தைத்து முடியுங்கள். மூடிக்கும் அதேபோல்.

மெஷின் மக்கர் செய்தால்

அடியில் நூல் கூடு கட்டினால் பாபினைத் திருகாதீர்கள். பாதத்தைத் தூக்கி வைத்து மேல்நூலை மறுபடி கோர்த்துவிடுங்கள். பாதம் இறங்கியிருக்கும்போது கோர்த்தால் நூல் இறுக்கத் தட்டுகளுக்குள் போய் உட்காராது. தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசி மழுங்கிவிட்டது அல்லது மெல்லியது. பூச்சுத் துணியில் தைத்த வரியை ஒட்டித் துணி கிழிந்தால் தையல் மிக நெருக்கம். துளைகள் அஞ்சல்தலை ஓரம் போல வரிசையாகி விட்டுக்கொடுத்துவிடும்.

கூலியும் ஒப்படைப்பும்

தைக்கும் நேரத்தை மட்டும் எண்ணாதீர்கள். அளவு, சோதனை உறை, துணி வாங்க அலைந்தது எல்லாம் சேரும். சாமான் 45 வெள்ளி, 8 மணி நேரம், மணிக்கு 14 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 157 வெள்ளி. தயங்காமல் சொல்லுங்கள். பாதியைத் துணி வாங்கும் முன்பே பேநவ்வில் (கைபேசி வழிப் பணப் பரிமாற்றம்) வாங்கிவிடுங்கள். இந்த உறையை வேறு யாருக்கும் விற்க முடியாது. கழுவலாமா, எத்தனை நாளாகும், எது மாறினால் கூடுதல் கூலி என்பதை அதே உரையாடலில் எழுதி வையுங்கள்.

ஒப்படைக்கும் முந்தைய நாள், 10 கிலோ அரிசிப் பையை உள்ளே வைத்து இரவு முழுக்கத் தோள்பட்டையில் தொங்கவிடுங்கள். காலையில் பெருக்கல் குறித் தையல் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். நூல் இளகிய இடத்தில் அதே துளைகளின் மேலேயே மறுபடி தையுங்கள். புளோக்கின் கீழே கொடுக்கும்போது அவருடைய மிருதங்கத்தை அவரையே உள்ளே வைத்து மூடச் சொல்லுங்கள். வெட்டும் அளவுக்கு வரைந்த தாள் அச்சில் நீளம், சுற்றளவு, ஃபோம் தடிமன் மூன்றையும் எழுதிச் சுருட்டி வையுங்கள்.