பழைய கேம் கன்சோலில் கடன்பற்று அட்டை எண்ணைத் தட்டாதீர்கள்

பள்ளி விடுமுறைக்கென்று கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு கடையில் பழைய பிளேஸ்டேஷன் 3 விலை கேட்டேன். "எல்லா விளையாட்டும் உள்ளேயே இருக்கிறது, அண்ணே" என்றார் கடைக்காரர். அந்த ‘எல்லாம்’தான் உறுத்தியது. கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றியிருக்கிறார்கள்.

தயாரிப்பாளரின் மின்கையொப்பம் உள்ள நிரலை மட்டுமே ஓடவிடும் காவலை, மாற்றிய ஃபர்ம்வேர் கழற்றிவிடுகிறது. பிறகு யாருடைய நிரல் உள்ளே ஓடுகிறது என்பது விற்பவருக்கே தெரியாது. நீங்கள் தட்டும் 16 இலக்க எண்ணும், அட்டையின் பின்புறத்து 3 இலக்கமும் வேறெங்கோ போய்ச் சேரலாம்.

பிள்ளைகள் அதில் விளையாடியே ஆகவேண்டுமென்றால் இணையத்தில் இணைக்காமல் விளையாடட்டும். ஏற்கெனவே அட்டையைப் பதிந்திருந்தால், வேறு கணினியில் கணக்கைத் திறந்து அதை நீக்கிவிட்டுக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

மாற்றாத கருவிக்கும் 50 வெள்ளி முன்கட்டண அட்டையே போதும். போனால் அந்த 50 வெள்ளியோடு போகும். 2011 ஏப்ரலில் சோனியின் இணையச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கிற்குள் ஊடுருவியவர்களிடம் சுமார் 7.7 கோடி கணக்குகளின் விவரங்கள் சிக்கின. அதில் நல்ல கருவி வைத்திருந்தவர்களும் அடக்கம்.

செய்யாத செலவு கணக்கில் தெரிந்தால் முதலில் வங்கியை அழைத்து அட்டையை முடக்குங்கள். மோசடி என்றால் உடனே மலேசியாவின் மோசடிப் புகார் எண் 997.