எண்ணூர்ப் பக்கம் ஊதாப் பூக்கொடியைப் பார்த்தால் பெயர் கண்டுபிடிப்பது எப்படி?

எண்ணூர்க் கடற்கரை மணலில் ஊதாப் பூ. திருவொற்றியூரில் ரயில் பாதை ஓரத்து வேலியிலும் ஊதாப் பூ. இரண்டும் புனல் மாதிரிதான் இருக்கும். பூவை மட்டும் படம் பிடித்தால் பெயர் சொல்வது கஷ்டம். இலையையும் சேர்த்துப் பாருங்கள்.

1. காலையிலேயே கிளம்புங்கள்

இந்தப் பூக்களுக்கு ஆயுள் ஒரு நாள்தான். வெயில் ஏறினால் சுருங்கிவிடும். 8 மணிக்குள் போனால் நல்லது.

2. குடும்பத்தை உறுதி செய்யுங்கள்

சர்க்கரைவள்ளியும் வள்ளைக்கீரையும் இருக்கும் குடும்பம் இது, தாவரவியலில் கன்வால்வுலேசி. பூவின் இதழ்கள் ஒட்டி ஒரே புனலாக இருக்கும். உள்ளே தொண்டையிலிருந்து விளிம்புவரை ஐந்து பட்டைகள் நட்சத்திரம் போல ஓடும். மொட்டு, மடக்கிய குடை மாதிரி முறுக்கியிருக்கும். முக்கியமானது இது: பற்றுக்கம்பி கிடையாது, தண்டேதான் சுற்றி ஏறும். ஸ்பிரிங் போன்ற கம்பி தெரிந்தால் அது சிறுபூனைக்காலியாக இருக்கலாம், வேறு குடும்பம். சங்குப்பூவும் இதில் சேராது.

3. இலையைப் பாருங்கள்

மணலில் படர்ந்த கொடியின் இலை தடிப்பாக, நுனியில் பிளந்து, ஆட்டுக் குளம்பு போல இருக்கிறதா? அதுதான் அடம்பு. ஆட்டுக்கால் அடம்பு என்றும் சொல்வார்கள். ஐப்போமியா பெஸ்-காப்ரே என்ற அறிவியல் பெயரிலும் ஆட்டின் கால்தான் இருக்கிறது. சங்கப் புலவர் இதே இலையை மான் அடிக்கு ஒப்பிட்டார். ஒரே இலையைப் பார்த்து இத்தனை பேருக்கு ஒரே நினைப்பு வந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்! கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடித்து வைக்கும் கொடி இது. பிடுங்க வேண்டாம், படம் போதும்.

வேலியில் ஏறிய கொடியின் இலை, விரித்த கை போல அடிவரை ஐந்து பிரிவாக இருந்தால் அது ரயில்வே கொடி, ஐப்போமியா கைரிகா. கடைசி இரண்டு பிரிவும் சில சமயம் மறுபடி பிளந்து ஏழு போலத் தெரியும், குழம்ப வேண்டாம். பூவின் தொண்டை மட்டும் அடர்ந்த ஊதா. தண்டவாளத்தில் இறங்காமல் வேலிக்கு வெளியே நின்றே பார்த்துவிடலாம்.

இதய வடிவ இலையோடு, வெளிர் மஞ்சள் அல்லது வெள்ளையில் சின்னப் பூ, நடுவில் கருஞ்சிவப்பு என்றால் சிறுதாளி.

4. தண்ணீர் ஓரம் என்றால்

தண்டைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே குழாய் போல இருந்து, நீரில் மிதந்தால் வள்ளை. கால்வாயில் வளர்ந்ததைச் சமைக்கப் பறிக்காதீர்கள். கழிவு நீரில் உள்ள உலோகங்களை அது உறிஞ்சிக்கொள்ளும். ஆளுயரப் புதராக நின்றால் நெய்வேலிக் காட்டாமணக்கு. பூ ஒன்றுபோல இருந்தாலும் அது கொடி அல்ல, ஆடு மாடுகளுக்கு விஷம்.

5. சந்தேகம் தீரவில்லையா?

பூ முன்பக்கம், பூவின் அடியில் உள்ள பச்சை இதழ்கள், இலை, தண்டு என்று நாலு படம் எடுங்கள். அப்புறம் சில வாரம் கழித்து அதே இடத்துக்குப் போய்க் காய் உடைந்திருக்கிறதா பாருங்கள். அடம்பு விதையில் பழுப்பு ரோமம் இருக்கும். ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள், மிதக்கும். கடல் வழியே கரை கரையாகப் பரவும் விதை அது.