பகலில் கண்ணை மூடும் பச்சோந்தி: சாப்பாடு கடைசி

பகலில், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே உங்கள் பச்சோந்தி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறதா? எப்போதும் கொப்பின் உச்சியில் இருப்பது கூட்டின் அடியில் வந்து கிடக்கிறதா? அப்படியென்றால் அதற்கு இன்றோ நேற்றோ வருத்தம் வரவில்லை. காட்டில் சோர்வைக் காட்டினால் பறவையோ பாம்போ பிடித்துவிடும் என்பதால், பச்சோந்தி முடிந்தவரை நோயை மறைக்கும். உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் மறைக்கும் சக்தியும் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

நான் கனடாவின் ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் யேமன் பச்சோந்தி வளர்க்கிறேன். இங்குள்ள கடைகளில் வெயில்ட் கமீலியன் என்று விற்பது இதைத்தான். யேமனும் தென்மேற்குச் சவூதியும் அதன் சொந்த இடம். இப்போது இருப்பவன் ராசா. தலையில் கிரீடம்போல உயர்ந்த கொண்டை இருப்பதால் மகள் வைத்த பெயர். அவனுக்கு முன் கண்ணம்மா என்று ஒரு பெட்டை இருந்தது. நான் வைத்தியர் அல்ல. வைத்தியரிடம் போய்ச் சேரும்வரை என்ன செய்வது, அவர் தந்த மருந்தை வீட்டில் எப்படிக் கொடுப்பது, இந்த இரண்டும்தான் இங்கே.

நம் வீடுகளில் யாருக்குச் சுகமில்லை என்றாலும் முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றியதாகத்தான் இருக்கும். ராசா சோர்ந்து கிடந்தபோது அம்மாவும் "வெறும் வயிற்றோட கிடக்குது, ஏதாவது ஊட்டிவிடு தம்பி" என்று பின்னாலேயே நின்றார். பச்சோந்திக்கு இது தலைகீழ். உடம்பு குளிர்ந்திருந்தால் அதற்குச் செரிமானம் நடக்காது, உள்ளே போன பூச்சி வயிற்றிலேயே அழுகும். நீர் வற்றிய உடம்புக்குள் புரதத்தைத் திணித்தால் சிறுநீரகம் தாங்காது. எனவே முதலில் சூடு, பிறகு தண்ணீர், கூடவே அமைதி, உடனே வைத்தியர். சாப்பாடு கடைசியில். வளர்ந்த, சதைப்பிடிப்பான பச்சோந்தி சில நாள் பட்டினியைத் தாங்கும். குஞ்சுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

சூட்டில் இருந்து தொடங்குவோம். குளிர்காயும் கொப்பில் ஆணுக்கு 29 முதல் 32 பாகை செல்சியஸ், பெட்டைக்கு 27 முதல் 29. நல்ல சுகத்தில் இருக்கும்போது இரவில் 18 வரை இறங்குவது நல்லதுதான். நோயாளிக்கு அது கூடாது, இரவிலும் 22க்குக் கீழே விடாதீர்கள். இதற்கு வெளிச்சம் தராத செராமிக் ஹீற்றரும் அதைக் கட்டுப்படுத்த ஒரு தேர்மோஸ்டாட்டும் வேண்டும். இரவு விளக்கு என்று விற்கும் சிவப்பு, நீல பல்புகள் வேண்டாம், பச்சோந்திக்கு இருட்டில்தான் தூக்கம் வரும். சுகமில்லை என்று குளிர்காயும் இடத்தின் சூட்டைக் கூட்டவும் கூடாது. சோர்ந்த பச்சோந்தி விலகிப் போகத் தெம்பில்லாமல் அங்கேயே இருந்து முதுகைச் சுட்டுக்கொள்ளும். கூட்டின் மறுபக்கம் 24 பாகை அளவில் இருக்கட்டும். கையை நீட்டிப் பார்த்து மதிப்பிடாமல், தெர்மோமீட்டரின் முனையை அதன் முதுகு வரும் உயரத்தில் வைத்து அளந்து பாருங்கள்.

எலும்புக்குத் தேவையான புற ஊதாக் கதிரைத் தரும் யூவிபி குழாய் விளக்கை வாங்கிய தேதி நினைவில்லை என்றால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். வெளிச்சம் அப்படியே இருக்கும், யூவிபி மட்டும் குறைந்துவிடும்.

விழுந்தாலும் அடிபடாதபடி கூட்டை மாற்ற வேண்டும். மண்ணையும் தொட்டிகளையும் எடுத்துவிட்டு, அடியில் மடித்த துவாயும் அதன்மேல் பேப்பர் டவலும் விரியுங்கள். கொப்புகளைத் தாழ்வாக, கிடையாகக் கட்டுங்கள். ஆனால் கூட்டைத் தரையில் வைக்காதீர்கள். மேலிருந்து குனிந்து பார்க்கும் எதுவும் அதற்கு எதிரிதான், எனவே கூடு முழுவதையும் உயரமான மேசையில் ஏற்றுங்கள். மூன்று பக்கமும் துணியால் மூடலாம். கண்ணாடியும் இன்னொரு பச்சோந்தியும் பார்வையில் படக்கூடாது. வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குக் காட்டுவதும் சுகமாகும்வரை நிற்கட்டும்.

கனடாவின் குளிர்காலத்தில் தண்ணீர்தான் பெரிய பிரச்சினை. ஹீற்றர் காற்றை உலர்த்திவிடும், பச்சோந்தி பாத்திரத்தில் தேங்கிய தண்ணீரைப் பொதுவாகத் தண்ணீராகவே மதிக்காது, இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். எச்சத்தோடு வரும் சுண்ணாம்பு போன்ற பகுதி வெள்ளையாக இருந்தால் சரி. செம்மஞ்சளாக வந்தாலோ, கண்கள் குழிவிழுந்திருந்தாலோ உடம்பில் நீர் வற்றிவிட்டது. குளியலறையில் ஒரு செடியை வைத்து அதில் பச்சோந்தியை ஏற்றுங்கள். வெதுவெதுப்பான ஷவரை எதிர்ச் சுவரில் படும்படி திருப்பிவிட்டால் தெறிக்கும் சாரல் மட்டும் அதன்மேல் விழும். 20 நிமிடம், நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தாதீர்கள், பயத்திலேயே பாதி உயிர் போய்விடும். நெஞ்சுச் சளி இருக்கிறது என்று சந்தேகப்பட்டால் ஷவரும் வேண்டாம்.

குடிக்க மனம் இருந்தால், ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சால் மேலுதட்டு நுனியில் ஒரு துளி விடுங்கள். நக்கினால் அடுத்த துளி. நக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். வாய்க்குள் பீச்சினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், அதன் வாசல் வாயின் அடித்தளத்திலேயே நாக்கின் பக்கம் இருக்கிறது. குடிக்காத பச்சோந்திக்குத் தோலுக்கு அடியில் நீரேற்றுவது வைத்தியரின் வேலை.

நோயைப் பெயர் சொல்லிக் கண்டுபிடிப்பதும் அவருடைய வேலைதான், ஆனால் என்ன பார்த்தோம் என்று சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாயைத் திறந்து வைத்திருப்பது எல்லாம் சளி அல்ல, அதிகச் சூட்டிலும் அப்படிச் செய்யும். விளக்கு போடும் முன், விடியற்காலையில் பாருங்கள். அப்போதும் வாய் திறந்து, தலையை அண்ணாந்து, மூச்சில் டிக் டிக் என்று சத்தமோ வாயோரத்தில் நுரையோ வந்தால் அது சுவாசத் தொற்றாக இருக்கலாம். கால்கள் வளைந்து, தாடை இளகி, நாக்கு பூச்சியை எட்டாமல் பாதியில் விழுந்தால் எலும்பில் கல்சியம் போய்விட்டது. அதைத் தூக்கும்போது இழுக்காதீர்கள், பிடியிலேயே எலும்பு முறியும். கை கால் மூட்டுகள் வீங்கியிருந்தால் அங்கே யூரிக் அமிலம் படியும் கௌட் நோயாக இருக்கலாம். ஒரு கண் மட்டும் வீங்கினால் அதையும் படம் எடுத்து வையுங்கள்.

பெட்டை வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும்: ஆண் இல்லாமலே அது முட்டை வைக்கும். ஒரே தடவையில் 20, 40, சில நேரம் 70ஐயும் தாண்டும். கண்ணம்மா சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கூடு முழுக்க அலைந்தபோது வீட்டில் எல்லோரும் சுகமில்லை என்றே நினைத்தோம். அது இடம் தேடும் அலைச்சல். 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஈர மணல் நிரப்பிய வாளி வேண்டும், தோண்டிய சுரங்கம் இடிந்து விழாத அளவுக்கு ஈரம். தோண்டும்போது யாராவது பார்ப்பது தெரிந்தால் விட்டுவிட்டு வந்துவிடும், எனவே வாளியைச் சுற்றித் துணியால் மறைத்துக் கட்டிவிட்டு நீங்களும் ஒதுங்கிவிடுங்கள். அலைச்சல் நின்று, முட்டையும் வராமல், கண் மூடிச் சோர்ந்து உட்கார்ந்தால் முட்டை சிக்கிக்கொண்டது. அது அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய விஷயம். நிலைமையைப் பொறுத்துக் கல்சியமும் முட்டையை வெளியே தள்ள உதவும் ஆக்சிடோசின் ஹார்மோனும் கொடுத்துப் பார்ப்பார்கள், இல்லையென்றால் அறுவைச் சிகிச்சை.

நாய் பூனை பார்க்கும் எல்லா வைத்தியருக்கும் பச்சோந்தி தெரியாது. ஊர்வன, நீர்நிலவாழ்வன வைத்தியர்களின் சர்வதேசச் சங்கமான ஏ.ஆர்.ஏ.வி.யின் இணையதளத்தில் தேடினால் உங்கள் பகுதியில் யார் இருக்கிறார்கள் என்று கிடைக்கும். தொலைபேசியில் "பச்சோந்தி பார்த்திருக்கிறீர்களா" என்று நேராகவே கேளுங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள். கையோடு கட்டணத்தையும் கேட்டுவிடுங்கள்.

ஜனவரியில் கொண்டுபோவதென்றால் காரை முதலில் சூடாக்குங்கள். காற்றுத் துளையுள்ள சிறு பெட்டியில் துவாயைச் சுருட்டி வைத்து அதைப் பிடித்துக்கொள்ள விடுங்கள், மூடி இருட்டாக்குங்கள். சூட்டுப் பையைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே ஒட்ட வையுங்கள், உடம்பில் படக்கூடாது. கூட்டின் படங்கள், விளக்கு மற்றும் கல்சியத் தூள் டப்பாக்களின் படங்கள், புதிய எச்சம் கொஞ்சம் ஒரு பையில். பேசிப் புரியவைப்பதைவிட இவை வேகமாக வேலை செய்யும்.

மருந்து எல்லாம் எடைக் கணக்கு. கிராம் காட்டும் சமையல் தராசு ஒன்றைப் பச்சோந்திக்கென்றே வாங்குங்கள், தினமும் காலையில் நிறுத்து எழுதுங்கள். 10 சதவீதம் குறைந்தால் வைத்தியரைக் கூப்பிட வேண்டும். ஊசியை உடம்பின் முன்பாதியில்தான் பெரும்பாலும் போடச் சொல்வார்கள். பின்காலில் இருந்து வரும் இரத்தம் நேரே சிறுநீரகத்துக்குப் போகக்கூடும் என்பதுதான் காரணம். செஃப்டசிடைம் என்ற கிருமிக்கொல்லி ஊசி தந்தால் வழக்கமாக 72 மணி நேரத்துக்கு ஒரு தடவை. அதை எப்படிக் குளிரில் சேமிப்பது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். என்ரோஃப்ளாக்சசின் என்ற இன்னொரு கிருமிக்கொல்லி ஊசி எரியும், போட்ட இடம் கறுத்துப்போகலாம். சில மருந்துகள் நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைக் கெடுக்கும், எனவே "தண்ணீர் போதுமான அளவு ஏறிவிட்டதா" என்று கேட்பது உங்கள் உரிமை. வீட்டில் மிச்சமிருக்கும் அமொக்சிசிலின், பனடோல், மஞ்சள் பற்று எதுவும் வேண்டாம்.

வாய்வழி மருந்து என்றால் இரண்டு பேர் தேவை. என் மனைவி பிடிப்பார், நான் கொடுப்பேன். பல நேரம் கோபத்தில் ராசாவே வாயைத் திறந்துவிடுவான், அந்த நொடியில் கன்னத்தின் உட்பக்கமாக மெதுவாக விட வேண்டும். திறக்காவிட்டால் தாடைக்குக் கீழே தொங்கும் தோலை மென்மையாகக் கீழே இழுங்கள்.

சூடும் தண்ணீரும் சீரான பிறகு, வைத்தியர் சரி என்றால் ஊட்டலாம். ஒக்ஸ்போ கார்னிவோர் கேர் போன்ற தூளைக் கரைத்து, அவர் சொன்ன மில்லி கணக்கில், பகலில் மட்டும். விளக்கு அணைய இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் முடித்துவிடுங்கள். தானாக உண்ணத் தொடங்கும்போது பட்டுப்புழு நல்லது, நீர்ச்சத்து அதிகமுள்ள ஹோர்ன்வேர்ம் என்ற புழுவும் நல்லது. சில்வண்டுகளைக் கூட்டில் இரவு விடாதீர்கள், அவை அதன் தோலைக் கடிக்கும்.

ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சிரிஞ்சைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். சல்மொனெல்லா கிருமி பச்சோந்தியை ஒன்றும் செய்யாமல் குழந்தையைப் படுக்கையில் போட்டுவிடும்.

தமிழ்நாட்டில் வேலியோரம் அடிபட்ட பச்சோந்தியைக் கண்டவர்களும் என்னிடம் கேட்பதுண்டு. அது வேறு இனம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது. நிழலான பெட்டியில் வைத்து வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

இனி முடியாது என்று வைத்தியர் சொன்னால், வலியில்லாமல் ஊசி போட்டு முடிக்கச் சொல்லுங்கள். ஃப்ரீஸரில் வைத்தால் தூங்கியபடி போய்விடும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள், அது கொடுமை. வீட்டில் வேறு பச்சோந்தி இருந்தால் பிரேத பரிசோதனை செய்துதரக் கேளுங்கள். அதுவரை உடலை ஃப்ரிட்ஜில் வைக்கலாம், உறைய வைத்தால் பரிசோதனை கெட்டுவிடும்.