பீச்சி தீவுக்குப் போவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

கனடாவின் வட கோடியில், நூனவுத் பிரதேசத்தில், 74 டிகிரி வட அட்சரேகைக்கும் மேலே பீச்சி என்றொரு சின்னத் தீவு இருக்கிறது. மரம் கிடையாது, வீடு கிடையாது, யாரும் வசிப்பதில்லை. ஒரு சரளைத் திட்டு அதை டெவன் தீவோடு இணைக்கிறது. ஆள் வசிக்காத தீவுகளில் உலகிலேயே பெரியது அந்த டெவன். பீச்சியின் கரையில் சில கல்லறைகள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் போகிறார்கள்.

படி 1: கதையைப் படியுங்கள்

டிக்கெட் போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். கதை தெரியாமல் போனால் கண்ணில் படுவது வெறும் சரளைக்கல்தான்.

1845-இல் ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் எரெபஸ், டெரர் என்ற இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள், அட்லாண்டிக்கிலிருந்து கனடாவின் வடக்கே பசிபிக்குக்குப் போகும் வடமேற்குக் கடல்வழியைத் தேடிப் போயின. முதல் குளிர்காலத்தைப் பீச்சியை ஒட்டிக் கழித்தார்கள். அங்கே மூன்று பேர் இறந்தார்கள். ஜான் டாரிங்டன் 1846 ஜனவரி 1, ஜான் ஹார்ட்னெல் ஜனவரி 4, வில்லியம் பிரெய்ன் ஏப்ரல் 3. டாரிங்டனுக்கு வயது 20. பிறகு கப்பல்கள் கிளம்பிப் போயின. மொத்தம் 129 பேர்; ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை. 1850-இல் தேடி வந்தவர்கள்தான் இந்தக் கல்லறைகளைக் கண்டார்கள். பக்கத்திலேயே இருக்கும் நான்காவது, தாமஸ் மார்கன் என்ற மாலுமியுடையது. அவர் தேடி வந்த கப்பல்களில் ஒன்றைச் சேர்ந்தவர், 1854-இல் இறந்தார்.

1984-இலும் 1986-இலும் ஓவன் பீட்டி என்ற மானுடவியலாளரின் குழு மூன்று கல்லறைகளையும் திறந்தது. உறைமண்ணில் உடல்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. ஆய்வு முடிந்ததும் அதே இடத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள். அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

படி 2: கப்பலைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலானவர்கள் போவது வடமேற்குக் கடல்வழியில் ஓடும் சிறிய பயணக் கப்பல்களில். ஆகஸ்டும் செப்டம்பர் தொடக்கமும்தான் காலம்; அதற்கு முன்னும் பின்னும் கடல் பனிக்கட்டி வழிவிடாது. செலவு பத்தாயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டும். முன்பதிவு செய்யும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள்: கப்பல் பனிக்கடலுக்கு ஏற்ற வலுவோடு கட்டப்பட்டதா, ஒரே நேரத்தில் எத்தனை பேரைக் கரையில் இறக்குவீர்கள்? கூட்டம் குறைந்த கப்பல் என்றால் கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

இன்னொன்று. பனி, காற்று, மூடுபனி, கரையில் ஒரு கரடி, இவற்றில் எது குறுக்கிட்டாலும் இறங்குவது ரத்தாகும். அதை ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள் இந்தப் பயணத்துக்குப் பணம் கட்ட வேண்டாம்.

படி 3: விசா, காப்பீடு

கனடா விசா போக, பல பயணங்கள் டென்மார்க்கைச் சேர்ந்த கிரீன்லாந்தில் தொடங்கும் அல்லது முடியும். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா இருந்தால் போதும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். போதாது. விசா தேவைப்படும் நாட்டவர் என்றால், கிரீன்லாந்துக்கும் செல்லும் என்று தனியாகக் குறிப்பிட்ட டென்மார்க் விசா வேண்டும். விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவையும் ஏற்கும் காப்பீட்டை எடுங்கள். பக்கத்து ஊரான ரெசல்யூட் மிகச் சின்னது. பெரிய சிகிச்சைக்கு அங்கே வழியில்லை.

படி 4: உடை

உள்ளே கம்பளி, நடுவில் கதகதப்புக்கு ஒன்று, மேலே தண்ணீரும் காற்றும் புகாத ஒன்று. பருத்தி வேண்டாம், நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் கட்டாயம். மழைக் கால்சட்டையைப் பூட்ஸுக்குள் திணிக்காமல் வெளியே விடுங்கள். உள்ளே திணித்தால் முதல் அலையிலேயே பூட்ஸ் நிறையும். அப்புறம் கேமராவின் உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள். குளிரில் சார்ஜ் மளமளவென்று இறங்கும்.

படி 5: படகில் ஏறி இறங்குதல்

கப்பலிலிருந்து கரைக்கு ரப்பர் படகுதான். இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். படகோட்டி கை நீட்டும்போது விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டுக்கு மேலே பிடியுங்கள். அவரும் உங்கள் முன்கையைப் பிடிப்பார். ஈரக் கையுறை நழுவினாலும் அந்தப் பிடி நழுவாது. ஏறும்போது முதலில் படகின் விளிம்பில் ஒரு கால், அப்புறம் படகின் உள்தரையில், உடனே உட்கார்ந்து நகருங்கள். அலை படகைத் தூக்கும் நேரத்தில் கால் வைக்காதீர்கள். "இப்போ" என்று அவர் சொல்லும்வரை காத்திருங்கள்.

படி 6: கரையில்

வழிகாட்டிகள் துப்பாக்கியோடு முன்னதாகவே இறங்கி, துருவக்கரடி இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்திருப்பார்கள். அவர்கள் காட்டிய எல்லைக்குள்ளேயே, கூட்டத்தோடு இருங்கள். ஒரு நல்ல படத்துக்காகப் பத்தடி தாண்டிப் போவதுகூட வேண்டாம்.

கல்லறைகள் கடலைப் பார்த்து நிற்கின்றன. இப்போது இருக்கும் பலகைகள் நகல்கள். ஹார்ட்னெல், பிரெய்ன் பலகைகளில் பைபிள் வசனம் இருக்கிறது. "உங்கள் வழிகளைச் சிந்தித்துப்பாருங்கள்" என்கிறது ஹார்ட்னெலுடையது. குனிந்து படியுங்கள், தொடாதீர்கள், சாயாதீர்கள், கற்குவியல் மேல் கால் வைக்காதீர்கள். சற்றுத் தள்ளி, தேடி வந்தவர்கள் 1850-களில் கட்டிய நார்தம்பர்லாந்து ஹவுஸ் என்ற கிடங்கின் இடிபாடு இருக்கிறது. பீப்பாய்ப் பலகை, துருப்பிடித்த தகரம், இரும்பு வளையம் எல்லாம் சிதறிக் கிடக்கும். குப்பை போலத் தெரியும், எல்லாமே தொல்பொருள். ஒரு ஆணியை எடுத்தாலும் சட்டப்படி குற்றம். பாசியையும் குட்டைப் பூச்செடிகளையும் மிதிக்காமல் வெறும் சரளையில் நடங்கள். அந்தக் குளிரில் ஒரு செடி மறுபடி வளர வருஷக்கணக்கில் ஆகும்.

கொஞ்ச நேரம் கேமராவை உள்ளே வைத்துவிட்டுச் சும்மா நில்லுங்கள்.

படி 7: திரும்பும்போது

படகில் ஏறும் முன் பூட்ஸை அலையில் அலசி, அடியில் சிக்கிய கல்லை அங்கேயே தட்டி விடுங்கள். கப்பலில் ஏறியதும், வந்துவிட்டதைப் பதிவு செய்யும் இடத்தில் உங்கள் எண் அட்டையைத் திருப்பி வையுங்கள். நீங்கள் மறந்தால் கணக்கில் ஒருவர் குறைவார்; உங்களைத் தேடிப் படகு மறுபடி கரைக்குப் போகும்.