மலிவு விலை ஆன்டெனா அனலைசர்: புதிய ஹாம்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ஹாம் லைசென்ஸ் கைக்கு வந்ததும் புதிய ஹாம்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்த ரேடியோ வாங்கலாம் என்பது. அடுத்தது, ஆன்டெனா சரியாகப் பொருந்துகிறதா என்று அளக்கும் அனலைசர் எது என்பது. இந்த இரண்டாவது கேள்விக்கு அவர்களாகவே விடை தேடிக்கொண்டு, பல வருடங்களுக்கு முன் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில் சறுக்குவதைப் பார்க்கிறேன். சார்ஜ் போடுங்கள், மேனுவலைப் படியுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. பணத்தை விழுங்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்

3 கிகாஹெர்ட்ஸ் வரை அளக்கும் என்றதும் கை அதற்குத்தான் போகிறது. நம்மில் பெரும்பாலோர் புழங்குவது 7, 14, 145 மெகாஹெர்ட்ஸ். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண நானோவிஎன்ஏ என்ற கையடக்க அனலைசர் 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 900 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கும். 300க்கு மேல் ஹார்மானிக்கை (சிக்னலின் மடங்கு அலைவரிசையை) வைத்துச் சமாளிப்பதால் அங்கே துல்லியம் குறையும். 435இல் ஒரு ஆன்டெனாவைச் சரிபார்க்க அதுவே போதும். மிச்சப் பணத்தில் நல்ல கேபிள் வாங்குங்கள்.

எஸ்.டபிள்யூ.ஆர். மட்டும் காட்டும் கருவி

அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் குறிக்கும் எண்தான் எஸ்.டபிள்யூ.ஆர்.; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. அதை மட்டும் காட்டும் கருவியைப் பார்க்கும்போதுதான் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. விலை குறைவு, ஒரே ஒரு எண், 2க்குக் கீழே இருந்தால் ஆன்டெனா நன்றாக இருக்கிறது என்று சொல்லியே விற்கிறார்கள்.

புதிதாக லைசென்ஸ் வாங்கிய ஒரு தம்பி, மொட்டை மாடியில் 145 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா, கீழ்வீட்டில் ரேடியோ, நடுவில் 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் என்று வைத்திருந்தார். மீட்டர் 1.3 காட்டியது. ஆனால் நம் சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ஊர் ரிப்பீட்டர் ஓபன் ஆகவில்லை. ரேடியோவில்தான் கோளாறு என்று முடிவு செய்து இரண்டாவது ரேடியோவும் வாங்கிவிட்டார். அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்.

"மேலே போய் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு வாங்க தம்பி."

"கழற்றிட்டேண்ணே. இப்போ 1.7 காட்டுது."

கேபிளின் மறுமுனையில் ஒன்றுமே இல்லை, அப்போதும் மீட்டர் 'நல்லது' என்கிறது! அந்தக் கேபிள் 30 மீட்டரில், 145 மெகாஹெர்ட்ஸில், சுமார் 6 டெசிபெல்லை, அதாவது சக்தியில் முக்கால்வாசியைத் தின்றுவிடும். அனுப்பிய 5 வாட்டில் மேலே போய்ச் சேர்வது ஒன்றேகால் வாட். ஆன்டெனா திருப்பி அனுப்புவதும் அதே கேபிள் வழியாகத்தான் இறங்க வேண்டும். அதிலும் முக்கால்வாசி வழியிலேயே சூடாகிப் போகிறது. திரும்பி வருவது குறைந்தால் எஸ்.டபிள்யூ.ஆரும் குறையும். மேலே எஸ்.டபிள்யூ.ஆர். 3 இருக்கும் ஆன்டெனாதான் கீழே 1.3 ஆகத் தெரிந்திருக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸில் அதே கேபிள் ஒன்றேகால் டெசிபெல் அளவுதான் தின்னும் என்பதால் எச்.எஃப். (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) மட்டும் செய்பவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. நம் 50 ஓம் கேபிளில் 25 ஓம் ஆன்டெனாவுக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். 2, 100 ஓம் ஆன்டெனாவுக்கும் 2. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். ரெசிஸ்டன்ஸ், ரியாக்டன்ஸ் (ஆன்டெனா தன் ரெசனன்ஸிலிருந்து எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று சொல்லும் அளவு) இரண்டையும், ரியாக்டன்ஸின் பிளஸ், மைனஸ் குறியோடு காட்டும் கருவியாக வாங்குங்கள். பழைய அனலைசர் சிலவற்றில் இந்தக் குறி வராது. செகண்ட் ஹேண்ட் வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். நானோவிஎன்ஏ இதைக் காட்டும், கேபிள் இழப்பையும் அளந்து தரும்: மறுமுனையைத் திறந்துவிட்டு ரிட்டர்ன் லாஸ் (திரும்பி வருவது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது) எவ்வளவு என்று பாருங்கள். அதில் பாதிதான் ஒருவழி இழப்பு. அந்தத் தம்பியின் கேபிளில் 12 டெசிபெல் காட்டியிருக்கும். அதை முதலிலேயே பார்த்திருந்தால் இரண்டாவது ரேடியோவின் காசு மிஞ்சியிருக்கும்.

கேலிப்ரேஷனும் ஸ்வீப்பும்

ஆன்டெனாவின் ஓம் கணக்கு வேண்டுமென்றால், ஓபன், ஷார்ட், லோடு (திறந்த முனை, ஷார்ட் செய்த முனை, 50 ஓம் முனை) மூன்றையும் கேபிளின் ஆன்டெனா முனையில் மாட்டி கேலிப்ரேட் செய்ய வேண்டும். கருவியின் வாயிலேயே செய்துவிட்டு கேபிளை மாட்டினால் ஓம் கணக்கு முழுக்க மாறிவிடும்.

ஸ்வீப்பை, அதாவது கருவி அளந்து செல்லும் அலைவரிசை எல்லையைக் குறுக்கிக்கொள்ளுங்கள். ஆரம்ப நானோவிஎன்ஏ ஒரு ஸ்வீப்பில் எடுப்பது 101 புள்ளிகள். 1 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை வைத்தால் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. நம்முடைய 7.0 முதல் 7.2 வரையிலான பேண்ட் அந்த இடைவெளியிலேயே காணாமல் போய்விடும்.

பக்கத்து டிரான்ஸ்மிட்டர்

நீங்கள் அளக்கும்போது அருகில் இன்னொரு ஆன்டெனாவில் யாரும் டிரான்ஸ்மிட் செய்யக் கூடாது. மலிவுக் கருவிகளின் உள்ளே பாதுகாப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. நீளமான கம்பி ஆன்டெனா என்றால், கேபிளின் நடுக்கம்பியை வெளிவலையோடு ஒருமுறை தொடவைத்து ஸ்டாட்டிக் சார்ஜை இறக்கிவிட்டுப் பிறகு மாட்டுங்கள்.

அடாப்டர்

கருவியில் கேபிள் மாட்டும் சின்னத் திருகு முனையான எஸ்.எம்.ஏ. முனையை அடிக்கடி கழற்றி மாட்டினால் தேய்ந்துவிடும். ஒரு சிறிய கேபிள் துண்டை நிரந்தரமாக மாட்டி வையுங்கள்.