நகரும் சராசரிக்கு ஒரு மாறி போதும்

அளவீடுகளின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்த, பழைய மதிப்புகளையெல்லாம் சேமித்து வைக்க வேண்டியதில்லை. புதிய மதிப்புகளுக்கு அதிக எடையும், பழையவற்றுக்குப் படிப்படியாகக் குறையும் எடையும் தருகிற அடுக்குக்குறி நகரும் சராசரிக்கு (EMA) இந்த ஒரு வரி போதும்:

சராசரி = சராசரி + ஆல்பா × (புதிய மதிப்பு − சராசரி)

ஆல்பா 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண். பெரிதாக வைத்தால் மாற்றத்தை உடனே பிடிக்கும். கூடவே இரைச்சலையும் (அளவீட்டில் வரும் தற்செயலான ஏற்ற இறக்கத்தையும்) பிடிக்கும்.

தொடக்க மதிப்பில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஆல்பாவை 0.1 ஆக வைத்து, சராசரியை 0-இல் தொடங்கினால், அளவீடு விடாமல் 50 என்றே வந்தாலும் 10 சுற்றுகளுக்குப் பிறகு 32.6-ஐத்தான் எட்டியிருக்கும். முதல் அளவீட்டையே தொடக்கமாக வைத்துவிடுங்கள், தீர்ந்தது.

அளவீடுகள் ஒழுங்கற்ற இடைவெளியில் வந்தால் நிலையான ஆல்பா சரிப்படாது. ஒவ்வொரு முறையும் கணக்கிடுங்கள்:

ஆல்பா = 1 − எக்ஸ்ப்(−இடைவெளி ÷ நேர மாறிலி)

எக்ஸ்ப் என்பது e-இன் அடுக்கைத் தரும் exp சார்பு. நேர மாறிலி என்பது சராசரி எவ்வளவு வேகமாக மாற வேண்டும் என்பதற்கு நீங்கள் தேர்ந்தெடுக்கும் நேர அளவு.

மைக்ரோகன்ட்ரோலரில் (கருவிகளை இயக்கும் குட்டிக் கணினிச் சில்லு) முழு எண்களோடு மல்லுக்கட்டுபவர்கள் கவனிக்க: ஆல்பா 1/8 என்றால், வித்தியாசம் 8-க்குக் கீழே இறங்கியதும் வகுத்தலின் விடை 0 ஆகி, சராசரி நகர மறுக்கும். சராசரியை 8 மடங்காகவே சேமியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதில் எட்டில் ஒரு பங்கைக் கழித்துப் புதிய மதிப்பைக் கூட்டுங்கள். படிக்கும்போது மட்டும் 8-ஆல் வகுத்தால் போதும்.